திருத்தும் செவி உள்ளவரை

1874ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பு சொல்ல முடியாத இரண்டு காரியங்கள் நிறைவேறின. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களை நாடி மலையேறி வந்த புகையிரதப் பாதை, பேராதனையில் பிரிந்து, மகாவலி கங்கையை ஒட்டியவாறே கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியைச் சென்றடைந்தது ஒன்று. மாக்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் ஆக்ஸ்போர்டில் இருந்துகொண்டு, சாயணரின் பாஷ்யத்தோடு கூடிய இருக்கு வேதத்தை 1849 தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் தொகுதி தொகுதியாக அச்சேற்றி வந்து, ஆறாவதும் கடைசியுமான தொகுதியை வெளியிட்டது மற்றொன்று. மூவாயிரம் ஆண்டுகளாக மனிதர் கண்டத்திலே மட்டும் குடியிருந்த ஒரு வாக்கு அச்சுருவம் பெற்று முடிந்த அதே காலத்தில், அந்த வாக்கைக் காதால் கேட்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஏழைத் தமிழ்க் குடிகள், தங்கள் கண்டத்தில் இருந்த வேறு சில பாட்டுக்களைச் சுமந்துகொண்டு, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாகக் கால்நடையாய் இந்த மலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வேதத்தின் வாய்மொழி மரபு எப்படித் தோன்றிற்று, எப்படி நிலைத்தது என்று விசாரிக்கப் புகுந்தவன் கம்பளையிலிருந்து தொடங்குவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். தோன்றட்டும், காசியிலிருந்தும் காஞ்சியிலிருந்தும் தொடங்கி எழுதியவர்கள் அநேகர் உண்டு.

கங்காசிறிபுரம் என்று பெயர் பெற்றிருந்த கம்பளை, பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாலாம் புவனேகபாகு மன்னனின் இராசதானியாயிற்று. 1344ஆம் ஆண்டு ஊருக்கு வடபுறத்து மேடுகளில் லங்காதிலகமும் கடலாதெனியவும் எழுந்தன. கடலாதெனிய விகாரத்தைக் கட்டியவன் கணேசுவராசாரி. லங்காதிலகத்தின் சிற்பி ஸ்தபதி ராயர். இருவரும் தென்னிந்தியக் கலைமரபைக் கைவசம் வைத்திருந்தவர்கள். லங்காதிலகத்துப் பாறையிலே சிங்கள சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருப்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம். புத்த பகவானின் கிருகத்தைச் சுற்றி, கணபதிக்கும் உபுல்வன் என்னும் விஷ்ணுவுக்கும் சந்நிதிகள் இருப்பதையும் பார்க்கலாம். இந்தக் கட்டடங்களின் கருங்கல்லும் செங்கல்லும் ஏறிக்கொண்டிருந்த அந்த நூற்றாண்டிலேதான், வடக்கே துங்கபத்திரைக் கரையில் புதிதாய்த் தோன்றிய விஜயநகரத்து அரசரின் ஆதரவில் சாயணாசாரியர் வேதங்களுக்குப் பாஷ்யம் வரைந்தார். பாஷ்யத்தை அவர் ஓலையில் எழுதினார். மூலத்தையோ, எழுத்தை நம்பாமல் வாயால் ஓதிக் கற்கும் அத்தியயன பரம்பரையே அவர் காலத்திலும் காத்து நின்றது. கம்பளையில் முடிசூடிய அரசர் வரிசை ஏழெட்டுத் தசாப்தங்களில் மறைந்து, இராசதானியும் கோட்டைக்கு நகர்ந்துவிட்டது. அத்தியயனம் நகரவில்லை.

அந்த மரபின் ஆதியைத் தேடிப் போனால் எழுத்தில்லாத ஒரு காலத்துக்குப் போய்ச் சேருகிறோம். இருக்கு வேத சூக்தங்கள் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்டு இயற்றப்பட்டவை என்பது ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் கொள்கை. கி.மு. பதினான்காம் நூற்றாண்டில், இன்றைய சிரியா நாட்டுப் பக்கத்திலிருந்த மிதன்னி அரசனொருவன் ஹிட்டைட்டு அரசனோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகிய தேவர்களைச் சாட்சியாக அழைத்திருக்கிறான். ஆகவே அந்த நாமங்கள் அப்பொழுதே பழமையானவை. பத்து மண்டலங்களிலே அடங்கிய 1028 சூக்தங்களும் ஒருவர் வாக்கோ, ஒரு தலைமுறையின் வாக்கோ அல்ல. இரண்டு முதல் ஏழு வரையிலான மண்டலங்கள் கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்திரி, பரத்துவாசர், வசிட்டர் என்னும் குலங்களுக்குரியவை. ஒவ்வொரு குலமும் தன் பாட்டனார் பாடியதைத் தன் சொத்தாகப் பாவித்துக் காத்து வந்ததிலிருந்தே அத்தியயனம் பிறந்தது என்று கொள்வதில் தவறில்லை. வேள்வித் தீ வளர்ப்பதற்கும், கொடையாளியான அரசன் முன்னிலையில் போட்டியிட்டு நிற்பதற்கும் அந்தச் சொத்து வேண்டியிருந்தது. வசிட்டருக்குரிய ஏழாம் மண்டலத்திலே தவளைகளைப் பற்றி ஒரு சூக்தம் வருகிறது. மழை கண்ட தவளை ஒன்று கத்த, மற்றொன்று அதைத் திருப்பிக் கத்துவதை, ஆசிரியன் சொன்னதை மாணாக்கன் திருப்பிச் சொல்வதற்கு அந்த ரிஷி ஒப்பிட்டிருக்கிறார். பாடசாலைப் பையன்களைத் தவளைகள் என்று முதன்முதலில் பரிகாசம் செய்தவர் ரிஷியே என்பதில் எனக்கொரு திருப்தி உண்டு. அதைவிட முக்கியமான விஷயம், வாயால் சொல்லி வாயால் வாங்கிக்கொள்ளும் முறை வேதம் தொகுக்கப்பட்ட பிற்பாடு ஏற்பட்டதன்று, வேதத்தின் உள்ளேயே காணப்படுவது என்பது.

இவ்வளவு கண்டிப்பு எதற்காக? மந்திரத்தின் பயன் அர்த்தத்தில் மட்டும் இல்லை, ஒலியிலே இருக்கிறது என்னும் சித்தாந்தமே காரணம். எழுத்து, சுரம், மாத்திரை, பலம், சமத்துவம், தொடர்ச்சி என்று ஆறு விஷயங்களைச் சிக்ஷை என்னும் உச்சரிப்புச் சாஸ்திரத்துக்குரியவையாகத் தைத்திரீய உபநிஷதம் வகுக்கிறது. உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று சுரங்களில் ஒன்று இடம் மாறினாலும் கதை கெட்டுப்போகும் என்பதற்குத் துவஷ்டாவின் கதையைப் பெரியோர் சொல்லுவர். இந்திரனைக் கொல்லக்கூடிய மைந்தன் பிறக்க வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தான். மந்திரத்திலே ஏற்ற இறக்கத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டான். சொற்கள் ஒன்றுகூட மாறாமலே, இந்திரனைக் கொல்பவன் என்றிருக்க வேண்டிய பொருள் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆயிற்று. பிறந்த விருத்திராசுரன் அப்படியே மாண்டான். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் சித்தம். ஆனால் தினந்தோறும் விடியலில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன் சுரத்தில் அசட்டையாக இருக்கமாட்டான் என்பது நிச்சயம்.

பயம் மட்டும் போதாது என்று கண்டவர்கள், உபாயமும் செய்தார்கள். சந்தியால் ஒன்றோடொன்று கலந்து ஓடும் மந்திரத்தைச் சம்ஹிதை என்றும், அதைத் தனித்தனிச் சொல்லாகப் பிரித்து ஓதுவதைப் பதபாடம் என்றும் சொல்லுவர்; இருக்கு வேதத்துக்குப் பதபாடம் வகுத்தவர் சாகல்யர். அதற்கு மேலே இரண்டிரண்டு சொல்லாகப் பிணைத்துச் செல்வது கிரமம். கிரமத்துக்கும் மேலே ஜடை, மாலை, சிகை, ரேகை, துவஜம், தண்டம், ரதம், கனம் என்று எட்டு விக்ருதிகள். வேத வாக்கியத்தை இங்கே எடுத்தாளாமல், மலை, மழை, நதி என்னும் மூன்று தமிழ்ச் சொற்களைக் கொண்டே இந்த யந்திரம் சுழலும் விதத்தைக் காட்டலாம். ஜடையில் ஓதுகிறவன், மலை மழை, மழை மலை, மலை மழை என்று முன்னும் பின்னும் முன்னுமாகச் சொல்லி, பிறகு மழை நதி, நதி மழை, மழை நதி என்று அடுத்த கண்ணிக்குப் போவான். கனத்திலோ, மலை மழை, மழை மலை, மலை மழை நதி, நதி மழை மலை, மலை மழை நதி என்று மூன்று சொற்களையும் புரட்டி எடுத்த பிறகே ஓரடி முன்னே வைப்பான். இப்படிப் புரளும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சந்தி வேறுபடும். இரு சொற்கள் நேர்வரிசையில் சேரும்போது தோன்றும் ஒலி, தலைகீழாகச் சேரும்போது தோன்றாது. ஆகையால் ஒரு சொல்லை மறந்தவனோ, ஓரெழுத்தைத் திரித்தவனோ இரண்டாவது புரட்டலில் கட்டாயம் இடறுவான். அர்த்தத்தின் உதவியால் ஒப்பேற்றவும் முடியாது. தலைகீழாக ஓதும் வரிசைக்கு அர்த்தமே இராது.

தைத்திரீயம் என்னும் வேதக் கிளையில், அதாவது சாகையில், இன்னொரு காவலும் உண்டு. ஒவ்வோர் அநுவாகத்தையும் ஐம்பது ஐம்பது பதங்களாகக் கூறுபோட்டு அதைப் பஞ்சாதி என்று வழங்குவார்கள். அநுவாகத்தின் முடிவில், ஒவ்வொரு பஞ்சாதியும் எந்தச் சொல்லோடு முடிந்தது, மிச்சம் எத்தனை சொல் என்பதையும் பாடத்தோடு பாடமாகவே ஓதிவிடுவது வழக்கம். வியாபாரி அந்திக்கு அந்தி கல்லாவை எண்ணி மூடுகிற மாதிரி, ஓதுகிறவன் ஓதியதை எண்ணி மூடினான். எண்ணிக்கை தவறினால் எங்கோ ஒரு சொல் நழுவிவிட்டது என்று அர்த்தம்.

ஆயினும் இந்த யுக்திகளெல்லாம் இரண்டாம் பட்சமே. பாடசாலைத் திண்ணையில் நடக்கும் சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு வாக்கியத்தை ஒருமுறை சொல்லுவார். எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்லுவார்கள். இதற்குச் சந்தை சொல்லுதல் என்று பெயர். கேரளத்து நம்பூதிரிமார், சிறுவனின் சிரசைத் தம் கையாலே பற்றி, சுரத்துக்குத் தக்கபடி தாழ்த்தியும் உயர்த்தியும் பக்கவாட்டில் திருப்பியும் பழக்குவார்கள். தலை கற்றுக்கொண்டதை நாக்குப் பின்பற்றும். சாமவேதியர் விரல் கணுக்களைத் தொட்டுச் சுரத்தைக் கணக்கிடுவர். எங்கும் பொதுவாய் இருப்பது, ஒருவன் ஓதும்போது வேறொருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதே. ஓதியவனின் நாக்கு பிறழ்ந்த கணத்தில் கேட்டவனின் செவி பிடித்துக்கொள்ளும். வேதத்தைக் காத்தது அமானுஷ்யமான ஞாபகசக்தி என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஞாபகம் எல்லா மனிதருக்கும் சறுக்கும், கனபாடிகளுக்கும் சறுக்கும். சறுக்கியதை உடனே திருத்துகிற செவியொன்றை எப்பொழுதும் பக்கத்தில் வைத்துக்கொண்டதுதான் அந்தச் சமூகம் செய்த சாமர்த்தியம்.

இந்தச் செவிக்கு எழுத்தின் மேல் இருந்த அவநம்பிக்கை அளவற்றது. பாணினியின் பேரால் வழங்கும் சிக்ஷை நூல், ஓதுவோரில் கடைப்பட்டவர் அறுவர் என்று கணக்கிட்டு, எழுதி வைத்ததைப் பார்த்து ஓதுகிறவனையும் அவர்களுள் ஒருவனாகச் சேர்க்கிறது. அதே பட்டியலிலே தலையை ஆட்டி ஓதுகிறவனும், பொருள் தெரியாமல் ஓதுகிறவனும் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்த விதியைக் கண்டிப்பாக அமல் செய்தால் நம்பூதிரிப் பாடசாலைகளும் தப்பா, அர்த்தம் கேட்டால் விழிக்கும் வைதிகர்களும் தப்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் பாரதத்தைப் பற்றி எழுதிய அல்பிரூனி, வேதத்தை எழுதுவதற்குப் பிராமணர் இடங்கொடுப்பதில்லை என்றும், அண்மையிலேதான் காசுமீரத்து வசுக்கிரர் என்பவர் மறந்துபோகுமோ என்ற அச்சத்தால் எழுதி வைத்தார் என்றும் குறித்திருக்கிறார். புனேயிலுள்ள பண்டார்க்கர் நிலையத்து இருக்கு வேதச் சுவடிகள் முப்பதும் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டிலே 2007இல் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மிகப் பழையதன் காலம் 1464. நூலுக்கும் சுவடிக்கும் இடையே இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. சுவடிகளெல்லாம் அழிந்துபோனாலும் வைதிகர் வாயிலிருந்தே இருக்கு வேதத்தை முழுவதும் மீட்டுவிடலாம் என்று அச்சிட்ட மாக்ஸ் முல்லரே ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் குரல் வந்த காலமும் அண்மைக்காலமன்று. சேரனின் வஞ்சியும் சோழனின் உறையூரும் கோழி கூவக் கண்விழிக்க, பாண்டியனின் மதுரையோ அந்தணர் மறையோதும் ஒலியால் கண்விழித்தது என்று பரிபாடற் புலவர் பெருமை பேசுகிறார். சோழப் பேரரசின் காலத்தில் அத்தியயனம் அரசாங்கக் காரியமாகவே ஆகிவிட்டது. இராசேந்திர சோழன் காலத்து, எண்ணாயிரம் என்னும் ஊரின் சாசனத்தின்படி, அங்கே ஓதிய இளைய மாணாக்கர் 270 பேர். அவர்களில் இருக்கு வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, சாமத்தின் இரண்டு கிளைகளுக்கும் யசுரின் வாஜசநேயக் கிளைக்கும் இருபதிருபது, அதர்வத்துக்குப் பத்து, பௌதாயன சூத்திரத்துக்குப் பத்து என்று பகுத்து, இலக்கணத்துக்கு நாற்பது பேரை ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே சாஸ்திரம் பயின்றவர் எழுபதின்மர்; ஆசிரியர் பதினால்வர்.

ஆனால் தமிழனுக்கு இந்த விஷயத்தில் உரிய பெருமை வேதத்தைக் காத்ததில் இல்லை, அதற்கு ஈடாகத் தன் பாஷையில் மற்றொரு மறையைப் படைத்துக்கொண்டதில் இருக்கிறது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் மூவர் முதலிகள் பாடிய தேவாரம், தோன்றிய நாள்தொட்டே பாடப்படுவதற்காக ஏற்பட்டது. ஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலையும், அவரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் நம் ஈழ நாட்டிலேயே இருக்கின்றன. அந்தப் பதிகங்கள் காலப்போக்கில் மறைந்தொழிந்தன என்றும், சோழ மன்னன் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு தில்லைக் கோயிலின் மேல்புறத்து அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது என்றும், எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இன்று எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள் இருக்கின்றன. இந்தக் கதையிலே எல்லோரும் கரையானோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அப்பால் நடந்ததல்லவா கவனிக்கத்தக்கது! ஏடு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. எழுத்திலே இராகம் தங்கவில்லை. ஆகவே அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கண்டு, அவள் வாயிலிருந்து பண்களை வாங்கிக்கொண்டார்கள் என்று புராணம் முடிகிறது. கோயில் அறையில் பூட்டி முத்திரையிட்ட ஏடு பாதி அழிந்தது. பாணர் குடியில், யாரும் மதித்துக் காவல் வைக்காத ஒரு பெண்ணின் தொண்டையில் கிடந்த இசை அழியவில்லை.

இராசராசன் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டான் என்றே தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அவன் நியமித்த சாசனம் பிரசித்தமானது. அவர்களில் ஒருவர் இறந்தாலும் வேற்றூருக்குப் போனாலும் நெருங்கிய உறவினர் அவருக்குரிய சம்பள நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும், உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள வேறொருவரை வைக்க வேண்டும் என்னும் ஏற்பாட்டையும் அச்சாசனத்தில் காண்கிறோம். சம்பளம் கொடுப்பது எல்லா அரசரும் செய்யக்கூடியதே. ஒரு குரல் ஓய்ந்தால் அதன் இடத்திலே எந்தக் குரல் ஏறும் என்று முன்னதாகவே யோசித்துக் கல்லில் வெட்டியதில்தான் அவனுடைய தீர்க்கதரிசனம் தெரிகிறது.

கண்டிச் சீமையிலேயே இதற்கொரு மறுபக்கம் உண்டு. மாத்தளைக்கு அருகேயுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பௌத்தரும் வேதியரைப் போலவே பாணகர் என்னும் ஓதுவார் கூட்டங்களை வைத்துத் தங்கள் சூத்திரங்களைக் காத்து வந்தவர்கள். படையெடுப்பும் பெரும்பஞ்சமும் சேர்ந்து நாட்டை அழித்தபோது, பிக்குகள் பலர் கடல் கடந்தனர்; அறுபது பேர் மட்டும் கடற்கரை வரை போய்த் திரும்பி, மலயம் என்று வழங்கிய மலைப்பிரதேசத்திலே கிழங்கும் இலையும் தின்று உயிர் தரித்தார்கள். உடம்பில் தெம்பு இருந்த நாட்களில் உட்கார்ந்து ஓதினார்கள். தெம்பு அற்ற நாட்களில் மணலைக் கூட்டி அதன்மேல் தலையோடு தலை சேர்த்துப் படுத்தபடி பாடத்தை ஒப்பித்துக்கொண்டார்கள் என்று பாளி உரைநூல் சொல்லுகிறது. சாகக் கிடக்கும்போதும் தலையோடு தலை சேர்த்துக்கொண்டார்களே, அதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் வாய்க்கு மற்றொருவர் செவி வேண்டியிருந்தது.

அந்தக் கால விபத்தில் மகாநித்தேசம் என்னும் நூல் ஒரே ஒரு பிக்குவின் ஞாபகத்தில் மட்டும் எஞ்சியது. அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்க் கற்கும்படி மூத்த தேரர் பணித்தபோது மகாரக்கிதர் என்பவர் முதலில் மறுத்தார். வற்புறுத்தலுக்கு இணங்கி இரவும் பகலுமாகக் கற்று முடித்த கடைசி நாளன்று, கட்டிலின் கீழே ஒரு பெண் ஒளிந்திருக்கக் கண்டு, முன்பே தெரிந்திருந்தால் உம்மிடம் கற்றிருக்கமாட்டேன் என்றாராம். நல்ல வேளையாக முன்பே தெரியவில்லை. மகாரக்கிதரிடமிருந்து வேறு பல தேரர்கள் அந்த நூலைக் கற்றுக்கொண்டார்கள். இப்படியொரு கண்டத்தைக் கடந்த சங்கம், இனியும் குரலை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று ஏட்டை எடுத்ததில் வியப்பில்லை. ஆனால் எழுதிய பிறகும் அவர்கள் ஓதுவதை விட்டுவிடவில்லை. கம்பளையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் இரவு முழுவதும் பிரித் ஓதும்போது, பிக்குகள் இருவர் இருவராக முறை மாற்றிக்கொண்டு அமர்வது இன்றைக்கும் உள்ள வழக்கம். அதே ஊரின் மதரசாவில் குர்ஆனை மனனம் செய்யும் சிறுவன், ஒவ்வொரு நாளும் தன் பாடத்தை உஸ்தாதுக்கு முன்னே ஒப்புவித்த பின்னரே அடுத்ததற்குப் போகிறான். இந்தச் சிறு நகரத்தில் மூன்று மதத்தாருக்கும் வேதம் வெவ்வேறு. அதைக் கைமாற்றும் விதம் மட்டும் ஒன்று.

இனி, கால்நடையாக வந்தவர்களிடம் திரும்ப வேண்டும். ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் 1824ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்டம் போட்டார். அதைத் தொடர்ந்து திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த ஜனங்களில் மிகப் பலர், சாதியின் பேரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். வேதம் காதில் விழலாகாது என்று எந்தச் சாஸ்திரங்கள் விதித்தனவோ, அவை குறித்த காதுகள் இவர்களுடையவை. திருத்துகிற செவியைப் பற்றி இவ்வளவு நேரம் புகழ்ந்து எழுதிவிட்டு, எத்தனை கோடிச் செவிகளை வெளியே தள்ளிவிட்டு அந்தச் செவி தன் தூய்மையைக் காத்துக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விடுவது அதர்மம். பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாகைகள் இருந்தன என்கிறார்கள். இன்று எஞ்சியவை பதின்மூன்று என்று, வேதம் ஓதும் மரபை 2003இல் மானிடத்தின் அருஞ்செல்வமாகப் பிரகடனம் செய்த யுனெஸ்கோ கூறுகிறது. வாசலை அவ்வளவு குறுக்கிவைத்த வீட்டில் ஆட்கள் குறைந்துபோனதற்கு வெளியாரை நோவதில் பயனில்லை.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஊமையாக வரவில்லை. மாரியம்மன் தாலாட்டும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும், காமன் பாட்டும் அவர்களோடு வந்தன. கம்பளை, புசல்லாவை, தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டங்களிலே மாசி மாதத்து வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, இரவுதோறும் ரதி மன்மதன் கதையைப் பாடி ஆடுகிறார்கள். தப்பு முழங்க, தூதனும் வீரபத்திரனும் யமனும் களத்தில் இறங்க, பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் தகனமாகி, மூன்றாம் நாள் மீண்டும் உயிர்பெறுகிறான். இந்தக் கூத்தின் பாட்டுக்களைப் பயிற்றுகிறவர் வாத்தியார் எனப்படுவார். அவர் பகலெல்லாம் தோட்டத்து வேலைக்காரர். இரவில், லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் முற்றத்தில் அடியெடுத்துக் கொடுப்பார். பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். சந்தை சொல்லுதல் என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அடி தவறினால் தப்பு அடிக்கிறவர் நிறுத்திவிடுவார். அவரும் கவனியாவிட்டால், கம்பளியைப் போர்த்துக்கொண்டு திண்ணையோரம் குந்தியிருக்கும் கிழவியொருத்தி, எங்கள் தகப்பன் காலத்தில் இப்படிப் பாடவில்லையே என்று குரல் கொடுப்பாள். வேதத்தில் ஓரெழுத்தும் மாறாது. காமன் பாட்டில் ஊருக்கு ஊர் மாறும், தோட்டத்துத் துரையும் கங்காணியும்கூட உள்ளே நுழைந்துவிடுவார்கள். இரண்டையும் சமமாக்கிப் பேச நான் வரவில்லை. பாணர் குடிப் பெண்ணுக்கும் இந்தக் கிழவிக்கும் உறவு கொண்டாடுகிறேன், அவ்வளவே. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கிய ஸி.வி. வேலுப்பிள்ளை, நம்பியாண்டார் நம்பி செய்த காரியத்தைத் தோட்டத்துக்குச் செய்தவர்.

லயத்துக் கோயில்களுக்குப் பின்னர் ஆகம வாசமும் வந்தது. யாழ்ப்பாணத்துக் குருக்கள்மார் வந்தார்கள், கும்பாபிஷேகங்கள் நடந்தன. கண்டி கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திலும் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்திலும் போலவே, சின்னஞ்சிறு தோட்டத்துக் கோயிலிலும் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதும் ஈழத்துச் சைவ வழக்கம் ஊன்றிவிட்டது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொன்றாக, அடியார் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் முன்வந்து பாடுவார். பாடுகிறவர் ஓதுவாராக இருக்க வேண்டியதில்லை. ஆணா பெண்ணா, என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளையாகவே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே நாற்பத்தெட்டுப் பேருக்கு நெல் அளந்து நடத்திய கைங்கரியத்தை நெல்லும் சம்பளமும் இல்லாமல் ஒரு ஜனசமூகம் தானாக ஏற்றுக்கொண்டதை நான் சாமானியமாக எண்ணவில்லை. வாசலைக் குறுக்காமலே ஒரு மறையை வாய்வழியாகக் காக்கலாம் என்பதற்கு இதைவிட நேரான அத்தாட்சி வேண்டுமா?

இப்பொழுது இந்த ஏற்பாட்டுக்கு வந்திருக்கும் இடையூறு ஒலிபெருக்கி. அதிகாலையில் கோயில் கூரையிலிருந்து தேர்ந்த பாடகர்களின் தேவாரமும், எவரோ ஒரு கனபாடிகளின் உருத்திரமும் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கின்றன. சுரம் சுத்தம், பண் சுத்தம், பிழை கிடையாது. பிழை கிடையாது என்பதனாலேயே அங்கே யாருக்கும் வேலையும் கிடையாது. ஒலிப்பதிவு யாரையும் திருத்தாது, யாராலும் திருத்தப்படவும் மாட்டாது. 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிமார் பன்னிரண்டு நாள் நடத்திய அக்கினிசயன வேள்வியை ஃபிரிட்ஸ் ஸ்டால் என்னும் ஆராய்ச்சியாளர் படம்பிடித்தும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தார். அது மகத்தான காரியந்தான். அந்தப் பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டே ஒருவன் கனபாடியானான் என்று சொல்லக் கேட்டதில்லை. காமன் கூத்து வாத்தியார்களின் குரலைக் கைத்தொலைபேசியில் பிடித்து வைக்கும் இளைஞர்களை நான் தடுக்கமாட்டேன். பிடித்து வைத்ததோடு நில்லாமல், நாலடியாவது அவர் எதிரில் உட்கார்ந்து பாடிக் காட்டி வசவு வாங்கிக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சைவநெறிப் பாடத்தில் பிள்ளைகள் பதிகங்களை நெட்டுருப் பண்ணுகிறார்கள். பாடியவர் யார், தலம் எது, பண் எது என்று எழுதிப் புள்ளியும் பெறுகிறார்கள். காந்தார பஞ்சமம் என்று பிழையில்லாமல் எழுதிய பிள்ளை அதைக் காதால் கேட்டதுண்டா என்று கேட்பாரில்லை. எழுத்துப் பரீட்சையின் புள்ளிகளில் பத்தையாவது எடுத்து, ஆசிரியர் முன்னே வாய்விட்டுப் பாடுவதற்கென்று வைக்கலாம். அப்படி வைத்தால் ஆசிரியரும் முதலில் பண்ணைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்குமே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆம், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.